நாலு மாதமாக மாதவிடாய் நாள் வரவில்லை. மாத்திரை போடலாமா, கழற்சிக்காய் போதுமா?

மஞ்சக்குப்பம் பொண்ணு கேட்டது:

அக்காமார்களுக்கு வணக்கம். எனக்கு 26 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. காலையில் 7.40 பஸ்ஸைப் பிடித்தால் ராத்திரி எட்டரைக்குத்தான் வீடு. மார்ச் மாதம் என்பதால் இப்போது ஒன்பதரைகூட ஆகிறது.

கடைசியாக நாள் வந்தது கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள். அன்றைக்கு விளக்கேற்றக் கூடாது என்று அம்மா என்னைத் தனியாக உட்காரவைத்ததால் நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம் தை போனது, மாசி போனது, இப்போது பங்குனி. ஒன்றையும் காணோம். முன்பும் எனக்கு ஒழுங்காக வந்ததில்லை. 45 நாள், 60 நாள் என்று இழுக்கும். போன வருடம் முழுக்கவே ஆறு முறைதான்.

ஸ்கேன் எடுத்ததில் சினைப்பை இரண்டு பக்கமும் நீர்க்கட்டி, பிசிஓடி என்று எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்தார். நாள் வருவதற்குப் பத்து நாள் மாத்திரை, அதோடு சர்க்கரை மாத்திரை. "வெயிட்டைக் குறைச்சிட்டு வா" என்றார். 71 கிலோ இருக்கிறேன், உயரம் 5 அடி 2 அங்குலம். ரத்தப் பரிசோதனை எதுவும் சொல்லவில்லை. சர்க்கரையே இல்லாதவளுக்குச் சர்க்கரை மாத்திரை எதற்கு என்று பயந்து இரண்டையும் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன். ஒரு தடவை மாத்திரை போட்டு வரவைத்தால் பிறகு மாத்திரை இல்லாமல் வரவே வராது என்று பெரியம்மா வேறு சொல்கிறார்.

அம்மா கழற்சிக்காய்ப் பொடியில் மிளகு கலந்து தருகிறார், பன்னிரண்டு நாளாகச் சாப்பிடுகிறேன். பெரியம்மா மலைவேம்பு இலைச் சாறு குடிக்கச் சொல்கிறார். ஆபீஸ் தோழி பதினான்கு நாள் ஆளி விதையும் பூசணி விதையும், அடுத்த பதினான்கு நாள் எள்ளும் சூரியகாந்தி விதையும் சாப்பிடச் சொல்கிறாள். எனக்கும் இயற்கை முறையில் சரி செய்யத்தான் ஆசை.

"உடம்பு சொல்றதைக் கேளு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் உடம்பு என்ன சொல்கிறது என்றே எனக்குப் புரியவில்லை. சீப்பு வைத்தால் கொத்தாக முடி வருகிறது. ஆபீஸ் ஏசியில் நான் ஒருத்திதான் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளிக்குப் போவது மூன்று நாளைக்கு ஒரு முறை. திரும்பும்போது பஸ் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறேன். வீட்டில் வரன் பார்க்கிறார்கள், அதனால் யாரிடமும் வாய் திறக்காதே என்று அம்மா சொல்லியிருக்கிறார். பெயர் தெரியாத இடம் என்பதால்தான் இங்கே கேட்கிறேன்.


டெய்லர் அக்கா, திருப்பாதிரிப்புலியூர்:

தங்கச்சி, ஷட்டரை இறக்கிவிட்டு வந்து இதைத்தான் முதலில் படித்தேன். அந்தப் பத்து நாள் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதே. இன்னொரு நல்ல டாக்டரிடம் காட்டு, ஆனால் இந்த மாதத்துக்குள் காட்டு. ஏன் அவசரப்படுத்துகிறேன் என்று சொல்கிறேன்.

எனக்கு இப்போது 44. பத்தொன்பது வயதிலிருந்து உன் கதைதான் என் கதை. 29 வயதில் ஏழு மாதம் நாள் வரவில்லை. மாமியார் ஊரில் ஒருவர் கஷாயம் கொடுத்தார், குடித்துக்கொண்டிருந்தேன். தீபாவளித் துணி கடையில் மலையாகக் கிடந்தது. வராததே சௌகரியம், வந்தால் வேலை கெடும் என்றுகூட நினைத்தேன். தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது வந்தது. வந்தது நிற்கவில்லை, 23 நாள். ஒரு நாப்கின் ஒரு மணி நேரம் தாங்காது. நாவல் பழம் அளவில் கட்டி கட்டியாகப் போகும். அப்போதும் ஸ்டூலில் பழைய துணியை மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஊக்கு தைத்தேன். இருபதாம் நாள் வீட்டுப் படி ஏற முடியவில்லை, நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 6.4. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். கருப்பையிலிருந்து தசை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். "புற்று இல்லை, ஆனால் உள்சுவர் ரொம்பத் தடித்துக் கிடக்கிறது. இப்படியே விட்டால் அந்தப் பக்கம் போகலாம்" என்று அந்த டாக்டரம்மா சொன்னார். அவர்தான் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார், அதை என் தொழில் பாஷையில் உனக்குச் சொல்கிறேன்.

கருப்பைக்கு உள்ளே மாதாமாதம் ஒரு லைனிங் வளர்கிறது. வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன். நடுவில் முட்டை வெடித்தால் புரோஜெஸ்ட்ரோன் வரும், அது அந்த லைனிங்கைப் பக்குவப்படுத்தும். கரு தங்காவிட்டால் புரோஜெஸ்ட்ரோன் இறங்கும், லைனிங் கழன்று வெளியே வரும். அதுதான் தீட்டு. முட்டையே வெடிக்காதபோது புரோஜெஸ்ட்ரோன் வராது. பழைய லைனிங்கைப் பிரிக்காமல் அதன் மேலேயே புதுத் துணி வைத்துத் தைத்துக்கொண்டே போவது போல உள்ளே தடித்துக்கொண்டு இருக்கும். உனக்குக் கொடுத்த பத்து நாள் மாத்திரை அந்தப் புரோஜெஸ்ட்ரோன் வேலையைச் செய்கிறது. நிறுத்தினதும் லைனிங் கழலும். அது பழக்கமாகிவிடுகிற மாத்திரை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, வருடத்துக்கு நாலு முறையாவது கழன்றாக வேண்டும் என்பது அவர் எனக்குச் சொன்ன கணக்கு. நீ அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டாய்.

இரண்டாவது, உடம்பு சொல்வதைக் கேட்பது. எனக்கு அது நோட்டுப் போட்ட பிறகுதான் வந்தது. என் அளவு நோட்டு உனக்குத் தெரியாது, நீள நோட்டு, ஒரு பக்கத்தில் ஒரு ஆளுடைய தோள், மார்பு, கை நீளம் எல்லாம் இருக்கும். அதைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து எனக்கென்று எழுத ஆரம்பித்தேன். முதல் பத்தியில் தேதி. நாள் வந்தால் சிவப்புப் பேனா, எத்தனை நாப்கின் என்று கோடு. வெள்ளை படுவது எப்படி இருக்கிறது என்றும் எழுதுவேன். முட்டை வெள்ளைக்கரு மாதிரி விரலில் இழுத்தால் நூலாக வந்தால் ஒரு சுழி. அந்தச் சுழி போட்டதிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் நாள் வந்தால் முட்டை வெடித்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லித் தந்தார். முதல் நாலு மாதம் நோட்டில் ஒரு சுழிகூட இல்லை. ஐந்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சுழி போட்டேன். பதினைந்தாம் நாள் மாத்திரை இல்லாமல் தானாக வந்தது. கட்டிங் மேஜையில் குனிந்து அந்தத் தேதியைச் சிவப்பில் எழுதும்போது கை நடுங்கியது.

இன்னொன்று எழுதுவது இடுப்புச் சுற்றளவு. தராசு ஏறி இறங்கும், பார்த்துப் பார்த்து மனசு விட்டுப் போகும். இஞ்ச் டேப் கையிலேயே இருக்கிறதே. மாதம் முதல் தேதி, காலையில் வெறும் வயிற்றில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டுவிட்டு அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம் தாண்டினாலே கவனிக்க வேண்டும். எனக்கு 37 இருந்தது.

ஜாக்கெட் அளவு எடுக்கும்போது நான் தினம் பார்க்கிற ஒன்றையும் சொல்கிறேன். வயசுப் பிள்ளைகள் பலருக்குப் பின் கழுத்தில் கருப்பாக, கொஞ்சம் சொரசொரப்பாகப் பட்டை இருக்கிறது. அழுக்கு என்று எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள். பல பேருக்கு அது அழுக்கு இல்லை, ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக ஓடுவதற்கான அடையாளம். இன்சுலின் அதிகமானால் சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும், முட்டை பாதி வளர்ந்து அப்படியே நின்றுவிடும். நின்றுபோன அந்தச் சின்னப் பைகளைத்தான் ஸ்கேனில் பார்த்து நீர்க்கட்டி என்கிறார்கள். கட்டி என்று பெயர்தான், வெட்டி எடுக்கிற கட்டி இல்லை. சர்க்கரை இல்லாதவளுக்குச் சர்க்கரை மாத்திரை எதற்கு என்று கேட்டாயே, இந்த இன்சுலினுக்காகத்தான். உனக்கு அது தேவையா என்பது வேறு விஷயம், அதை டெஸ்ட் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கண்ணாடி வைத்து உன் பின் கழுத்தைப் பார்.

சாப்பாட்டில் நான் மாற்றினது கொஞ்சம்தான். சோற்றை விடவில்லை, இரண்டு கரண்டி குறைத்து அந்த இடத்தில் காயும் பருப்பும் வைத்தேன். வெறும் இட்லி சட்னி என்று இருந்த காலையில் முட்டையோ சுண்டலோ சேர்ந்தது. முதுநகர் மீன்காரம்மா கொண்டுவரும் கவளை வாரம் இரண்டு நாள். விலையும் மலிவு, எண்ணெய்ச் சத்துள்ள மீன். கடையில் நாலு வேளை வரும் டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்றேன். முதல் பத்து நாள் தலைவலித்தது.

உளுந்தங்களி நல்லதுதான், என் அம்மா என்னை அதில்தான் வளர்த்தார். தோல் உளுந்தை வாசனை வர வறுத்து, கால் பங்கு அரிசி சேர்த்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கிளறி, நல்லெண்ணெய் பிரிய உருட்டினால் மினுமினுவென்று இருக்கும். ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான். எடை குறைக்க வேண்டிய நமக்கு வாரம் ஒரு உருண்டை போதும். தினம் தின்றால் இன்சுலின் பிரச்சினைக்கே தீனி போடுவதாகிவிடும். இதை என் அம்மாவிடம் சொல்லிப் புரியவைக்க ஒரு வருடம் ஆனது.

நடை. மெஷினுக்கு மோட்டார் வைத்த வருடத்திலிருந்து என் கால் ஆடுவதே நின்றுபோயிருந்தது. காலையில் பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றி நாலு வீதியும் மூன்று சுற்று. மத்தியானம் சாப்பிட்டதும் உட்காராமல் பத்து நிமிடம் காஜா எடுக்கும் கடை வரைக்கும் போய் வருவேன். நீ பஸ்ஸில் போகிறவள். ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நட.

இரண்டு வருடத்தில் இடுப்பு 37 லிருந்து 33 ஆனது. நாள் 35, 40 நாளுக்குள் நின்றது. இன்றைக்கும் தீபாவளிச் சீசனில் ராத்திரி கண் விழித்தால் பத்து நாள் தள்ளும். அதையும் எழுதி வைக்கிறேன்.


பண்ருட்டி முந்திரி:

எங்கள் பாட்டிக்கு ஒன்பது பிள்ளைகள். ஒரு மாத்திரை போட்டதில்லை, ஒரு ஸ்கேன் பார்த்ததில்லை. ஹார்மோன் மாத்திரைக்குள் ஒரு தடவை போனால் வெளியே வர முடியாது. கழற்சிக்காயை ஒரு மண்டலம் சாப்பிடும்மா, எல்லாம் கரைந்துவிடும். என் சித்தி பெண்ணுக்கு வந்தது.


டெய்லர் அக்கா, திருப்பாதிரிப்புலியூர்:

உங்கள் பாட்டியை வணங்குகிறேன். என் பாட்டியும் அப்படித்தான். ஆனால் பாட்டி காலத்தில் ஒரு பிள்ளை வயிற்றில், ஒரு பிள்ளை மடியில் என்று பால் கொடுத்தே வருடங்கள் போயின, தீட்டு வந்ததே குறைவு. விடிந்தால் உரல், உலக்கை, கிணறு. அந்தத் தலைமுறையில் ரத்தப் போக்கில் செத்துப்போனவர்களை நாம் எண்ணுவதில்லை. என் பாட்டியின் தங்கை அப்படித்தான் போனார், "பெரும்பாடு" என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டார்கள்.

உங்கள் சித்தி பெண்ணுக்கு வந்தது நல்லதே. இந்தப் பிசிஓடியில் தானாகவும் சில மாதம் வரும், அது கழற்சிக்காயால் வந்ததா என்று எப்படித் தெரியும்? நாலு மாதம் வராத பிள்ளையிடம் இன்னும் 48 நாள் பொறு என்று சொல்ல என்னால் முடியாது.


லேப் அக்கா, முத்தியால்பேட்டை:

நான் டாக்டர் இல்லை. ஒரு லேபில் 14 வருடமாக ரத்தம் எடுக்கிறேன். மஞ்சக்குப்பம் தங்கச்சி, உன் கேள்வியில் கடைசிப் பத்தியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். முடி கொட்டுகிறது, எல்லோரும் சும்மா இருக்கும்போது உனக்கு மட்டும் குளிர்கிறது, மலச்சிக்கல், பஸ் ஏறினதும் தூக்கம், எடை. உடம்பு என்ன சொல்கிறது என்று தெரியவில்லை என்றாய், நீயே வரிசையாக எழுதியிருக்கிறாய். எனக்கு முதலில் தோன்றுவது தைராய்டு. டிஎஸ்எச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்காமல் பிசிஓடி என்று முடிவு கட்டக் கூடாது. தைராய்டு குறைந்தாலும் நாள் தள்ளும், சினைப்பையும் ஸ்கேனில் அதே மாதிரி தெரியலாம்.

பிசிஓடி என்று சொல்ல மூன்று அடையாளம் வைத்திருக்கிறார்கள். முட்டை ஒழுங்காக வெடிக்காமல் நாள் தள்ளுவது ஒன்று. ஆண் ஹார்மோன் கூடியிருப்பது இரண்டாவது, அதாவது முகத்தில் முடி, அடங்காத பரு, அல்லது ரத்தத்தில் அளவு. மூன்றாவது ஸ்கேன். இதில் இரண்டு இருக்க வேண்டும், அதோடு தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) மாதிரி வேறு காரணம் இல்லை என்றும் பார்த்திருக்க வேண்டும். 2003 இல் ராட்டர்டாம் நகரில் கூடி வகுத்த முறை இது, இன்றும் இதை ஒட்டித்தான் பார்க்கிறார்கள். வெறும் ஸ்கேன் தாளை வைத்துக்கொண்டு அழுதுகொண்டு வருகிற எத்தனையோ பிள்ளைகளைப் பார்க்கிறேன்.

டாக்டரிடம் கேட்டு டிஎஸ்எச், புரோலாக்டின், ஹீமோகுளோபின், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பார். சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் பலருக்குப் பிடிபடாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது நல்லது. கல்யாணமானவர்கள் யாராவது இதைப் படித்தால், நாள் தள்ளினால் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. அதற்குப் பிறகுதான் மற்றது.

ரத்தம் கொடுக்க வருமுன் இரண்டு விஷயம், இவற்றை யாரும் சொல்வதில்லை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் லேபில் சொல்லிவிடு. அது தைராய்டு ரிசல்ட்டையே மாற்றிக் காட்டும். இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு வர வேண்டும். அடுத்தது கேஸ் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறார்களே, அதில் பலவற்றில் டொம்பெரிடோன் சேர்ந்திருக்கும். அது புரோலாக்டினை ஏற்றிவிடும், புரோலாக்டின் ஏறினால் நாளும் தள்ளும். போன வாரம்கூட ஒரு பெண்ணிடம் பையில் என்ன மாத்திரை என்று கேட்டுப் பார்த்தேன், அதேதான்.

செலவை நினைத்துத் தள்ளிப் போடாதே. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை உனக்குப் பக்கம். தினம் புதுச்சேரிக்கு வருகிறவள்தானே, இங்கே ஜிப்மர் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. காலையில் சீக்கிரம் வந்து சீட்டுப் போட வேண்டும், ஒரு நாள் லீவு எடுத்துக்கொள்.


வில்லியனூர் வேப்பமரம்:

நான் சித்த மருத்துவம் படித்து, வைத்தியம் பார்ப்பவள். கழற்சிக்காய் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன்.

கழற்சிக்காய் எங்கள் மருந்துதான், நானும் கொடுக்கிறேன். விரைவீக்கத்துக்கு, வீக்கம் வற்றுவதற்கு என்று பேர் வாங்கின காய் அது. நீர்க்கட்டி என்ற சொல்லில் கட்டி இருப்பதால், கட்டியைக் கரைக்கும் காய் இதையும் கரைக்கும் என்று மக்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். டெய்லர் அக்கா சொன்னதுபோல அங்கே கரைக்க வேண்டிய கட்டி இல்லை, வெடிக்காமல் நின்ற முட்டைப் பைதான் இருக்கிறது. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அது சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. அதனால் சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவதாக இருந்தால் இரண்டு வைத்தியருக்கும் தெரிய வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் மருந்து வாங்குவதில்தான் ஆபத்து. நாள் தள்ளுகிறது என்று என்னிடம் வரும் பெண்களையும் நான் முதலில் டிஎஸ்எச் எடுத்து வரத்தான் அனுப்புகிறேன்.

மலைவேம்பைத் தொடாதே. நம் ஊரில் இரண்டு மரங்களை மலைவேம்பு என்கிறார்கள். அதில் ஒன்றின் காய் நஞ்சு. யாரோ பறித்து வந்த இலையை அரைத்துக் குடிப்பது வைத்தியம் ஆகாது. அதிமதுரத்தையும் தினமும் நாள் கணக்கில் குடிக்காதீர்கள், ரத்த அழுத்தத்தை ஏற்றும். பெயரும் தயாரிப்பு விவரமும் இல்லாத பொட்டலச் சூரணம், செந்தூரம் எதுவும் வேண்டாம். எந்த மருந்து சாப்பிடும்போதும் கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்ந்து போனாலோ அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

விதைகளைப் பற்றி. எள்ளும் ஆளி விதையும் நல்ல உணவு. ஆளி விதையை முழுசாக விழுங்காமல் பொடித்துச் சாப்பிடு, மலச்சிக்கலுக்கும் கேட்கும், தண்ணீர் நிறையக் குடி. ஆனால் நாலு மாதமாக நாளே வராதவளுக்கு எது முதல் நாள், எது பதினான்காம் நாள்? அந்தக் கணக்கை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சாப்பாடாகச் சாப்பிடு.


மஞ்சக்குப்பம் பொண்ணு:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆபீசில் கணக்கு முடிகிற வேளை.

லேப் அக்கா சொன்னபடி எல்லாம் எடுத்தேன். டிஎஸ்எச் 11.8. நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டுமாம். புரோலாக்டின் லேசாகக் கூடுதல், அதுவும் தைராய்டால் இருக்கலாம் என்றார்கள். சர்க்கரை இரண்டு முறையும் சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 10.4. இந்த முறை வேறு டாக்டரிடம் போனேன். அம்மா வயதிருக்கும். நோட்டை நீட்டினேன். பன்னிரண்டு நாள்தான் எழுதியிருந்தேன், ஆனாலும் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். "மூணு நாளைக்கு ஒரு தடவைன்னு எழுதியிருக்கியே, எத்தனை வருஷமா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் காலேஜ் முடித்ததிலிருந்தே.

தைராய்டு மாத்திரை 50 எம்சிஜி ஆரம்பித்திருக்கிறார். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் திரும்ப ரத்தம் பார்க்க வேண்டும். தைராய்டு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் பிசிஓடி இருக்கிறதா இல்லையா என்று பேச முடியும், சர்க்கரை மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றார். பீரோவில் இருந்த பத்து நாள் மாத்திரையை மட்டும் போடச் சொன்னார். போட்டு முடித்த நாலாம் நாள் பஸ்ஸில் வரும்போது அடிவயிறு இழுத்தது, வீட்டுக்கு வந்து பார்த்தால் வந்திருந்தது. ஆறு நாள் போனது, ஒரு நாளைக்கு நாலு நாப்கின். சிவப்பில் எழுதிவிட்டேன். கழற்சிக்காயை நிறுத்திவிட்டேன், டாக்டரிடமும் சொல்லிவிட்டேன், திட்டவில்லை.

அம்மாவிடம் ரிப்போர்ட்டைக் காட்டி வரிசையாகச் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் குளிர் தாங்காதுடி, உங்க அப்பா ஃபேன் போட்டா சண்டை போடுவேனே" என்றார். அடுத்த நாள் அம்மாவுக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தோம். அம்மாவுக்கு டிஎஸ்எச் 7.2. இருபது வருடமாகச் சோம்பேறி என்று எங்கள் அத்தையிடம் பேச்சு வாங்கிய அம்மா.

டெய்லர் அக்கா, என் இடுப்பு 34. பின் கழுத்தில் கருப்பு இல்லை. முருங்கப்பாக்கத்திலேயே இறங்கி ஆபீஸ் வரை நடக்கலாம் என்று பார்த்தேன், தூரம் அதிகம். அதனால் ஒரு ஸ்டாப் முன்னால் மட்டும் இறங்குகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் ஆபீஸ் விட்டதும் கடற்கரைச் சாலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய் வருகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள், நிம்மதியாக நடக்கலாம்.

ஒரு சந்தேகம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி என்கிறார்கள். எனக்கு ஆறு மணிக்குக் காபி இல்லாமல் சமையலில் கை ஓடாது, 7.40க்குப் பஸ். இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள், அதை எப்போது போடுவது?


லேப் அக்கா, முத்தியால்பேட்டை:

11.8 என்று படித்ததும் எங்கள் லேபில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

மாத்திரையைத் தலையணைப் பக்கத்தில் தண்ணீரோடு வைத்துக்கொள். ஐந்து மணிக்கு அலாரம் வைத்து, எழுந்து விழுங்கிவிட்டு மறுபடி படுத்துக்கொள். ஆறு மணிக்குக் காபி தாராளமாகக் குடிக்கலாம். அது முடியாவிட்டால் ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் நீ ஒன்பதுக்குச் சாப்பிட்டால் பன்னிரண்டு ஆகும். காலைதான் உனக்குச் சரி.

இரும்பு மாத்திரையைத் தைராய்டு மாத்திரையிலிருந்து நாலு மணி நேரமாவது தள்ளிப் போடு. கால்சியம் கொடுத்தாலும் அப்படியே. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, கூட ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொள், இரும்பு நன்றாக ஏறும். அந்த நேரத்தில் டீ, காபி வேண்டாம். மலம் கருப்பாகப் போகும், பயப்படாதே. மலச்சிக்கல் கொஞ்சம் கூடலாம், ஆளி விதைப் பொடியை விடாதே.

அம்மாவுக்கும் டாக்டர் மாத்திரை எழுதினால் அதே ஐந்து மணி அலாரத்துக்கே போட்டுக்கொள்ளட்டும். டிஎஸ்எச் திரும்பப் பார்க்கிற நாளில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடச் சொல்வார்கள், கேட்டுக்கொள். இரண்டு பேரும் ஒரே நாளில் வாருங்கள்.